எட்டாம் நம்பர் பாக்கி

விமல்ராஜும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் மணிவேலுக்குத் தர வேண்டிய பாக்கி இருபத்து மூவாயிரத்து நானூறு ரூபாய். நான்கு மாத ரூம் வாடகை, பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஏறுகிற கூடுதல், உடைத்த பக்கெட் ஒன்று, எல்லாவற்றையும் கூட்டி, கொடுத்த அட்வான்ஸைக் கழித்தது போக நின்ற தொகை. இதில் வட்டி சேரவில்லை. போட நினைத்தால் போட்டிருக்கலாம். மணிவேல் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

எப்படிப்பட்ட ஆள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கீழ்பென்னாத்தூரிலிருந்து மாற்றுத் துணிகூட இல்லாமல் திருவண்ணாமலையில் வந்து இறங்கியவர். பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை விற்றார். தீபத்துக்கு வருகிற கூட்டத்துக்குப் படுக்கப் பாய் வாடகைக்கு விட்டார். பாய்க் காசில் தகரக் கொட்டகை, கொட்டகைக் காசில் இரண்டு ரூம், ரூம் காசில் மாடி. இன்றைக்குச் செங்கம் ரோட்டில் எட்டு ரூம் லாட்ஜ். படித்தவன் கட்டியிருந்தால் பாதிப் பணம் இன்ஜினியருக்கே போயிருக்கும். மணிவேல் தரையில் சுண்ணாம்பால் தானே கோடு போட்டுக் கட்டினார். மாடிப்படி கொஞ்சம் சாய்வாக இருக்கும்தான். ஆனால் அதில் இதுவரை யாரும் விழுந்ததில்லை, விழுந்தவர்களும் எழுந்துவிட்டார்கள்.

அவர் வாடகை வசூலிக்கிற முறை இந்த ஊரில் வேறு எந்த லாட்ஜிலும் கிடையாது. ரூம் கதவைத் தட்டிக் கெஞ்சுவது, கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள் என்று இளிப்பது, இதெல்லாம் அவருக்கு ஆகாது. விடியற்காலை மோட்டார் போடுகிற நேரத்தில் எல்லா ரூமிலும் ஆள் இருக்கும், எல்லாரும் தண்ணீருக்காகக் காத்திருப்பார்கள். அப்போது மாடிப்படிக்கு அடியில் நின்று, மோட்டார் சத்தத்துக்கு மேலே ஏறுகிற குரலில், எந்த ரூம், எத்தனை நாள், என்ன பாக்கி என்று வரிசையாகக் கூவுவார். பஸ் ஸ்டாண்டில் கடலை விற்ற தொண்டை அது. பக்கத்து ரூம்காரன் காதில் விழ வேண்டும், அதுதான் சூட்சுமம். மானம் உள்ளவன் குளித்த ஈரம் காய்வதற்குள் கீழே வந்து கொடுத்துவிடுவான். மானம் இல்லாதவன் மறுநாள் கொடுப்பான். கொடுக்காமல் போனவன் என்று ஒருவனும் கிடையாது, எட்டாம் நம்பருக்கு அந்த மூன்று பேர் வருகிறவரை.

எட்டாம் நம்பர் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற ரூம். மோட்டார் ஓடினால் சுவரே உறுமும். அதனால் வாடகை கம்மி. விமல்ராஜ் அந்த ரூம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினான். போளூர்ப் பையன், இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டவன், கிட்டார் வாசித்துப் பாடுவான். கூட நந்தினி என்ற பெண், அவளும் நான்கே கம்பி கட்டிய தடி கிட்டார் ஒன்று வைத்திருந்தாள். மூன்றாவது ஜீவகுமார், டிரம் அடிப்பவன். டிரம்மை மாடி ஏற்ற முடியாமல் லாட்ஜ் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அடித்துப் பழகியதில்தான் அந்தப் பக்கெட் உடைந்தது. மூன்று பேரும் சேர்ந்து தங்களுக்கு 'ஈரச் சிமெண்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். என்ன பாட்டு என்று மணிவேல் விசாரித்தார். சினிமாப் பாட்டு இல்லை, சாமிப் பாட்டும் இல்லை, ராக்கிலேயே இது வேறு மாதிரி என்றான் விமல்ராஜ். வேறு வேலை இல்லாத மாதிரி என்று மணிவேல் புரிந்துகொண்டார்.

நான்கு மாதம் கழித்து, ஆல்பம் முடிந்தது, அது வெளியே வந்ததும் முதல் காசு உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். மணிவேல் சாதாரணமாக விடுகிற ஆள் இல்லை. ஆனால் மறுநாள் பௌர்ணமி. கிரிவலத்துக்கு வந்த குடும்பம் ஒன்று அந்த ரூமுக்கு மூன்று மடங்கு கொடுக்கக் கீழே நின்றுகொண்டிருந்தது. கணக்குப் பார்த்தார், விட்டுவிட்டார். வியாபாரம் தெரிந்தவன் வேறு என்ன செய்வான்.

சில மாதம் கழித்து, பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் எடுக்கிற குமரேசன் மணிவேலைக் கடைக்குக் கூப்பிட்டுப் போனை நீட்டினான். ஈரச் சிமெண்டின் ஆல்பம் வந்துவிட்டது, 'மேல்தொட்டி' என்று பெயர், எங்கெங்கோ கேட்கிறார்கள், அதில் ஐந்தாவது பாட்டை மட்டும் கொஞ்சம் கேட்கச் சொன்னான். மணிவேல் கேட்டார். முதலில் மோட்டார் ஓடியது. அவருடைய மோட்டார்தான், பெற்ற பிள்ளையின் இருமல் மாதிரி அவருக்கு அது தெரியும். பிறகு கிட்டார் கரகரவென்று அறுத்தது. அதற்கு மேலே மணிவேலின் குரல் ஏறியது. எட்டாம் நம்பரு, நாலு மாசம், பௌர்ணமி ஜாஸ்தி, பக்கெட்டு ஒண்ணு, எப்ப தருவ. இதையே திருப்பித் திருப்பிக் கூவிக்கொண்டிருந்தது. கடைசி 'எப்ப தருவ'வோடு பாட்டு பட்டென்று நின்றது.

அவருக்கு முதலில் வந்தது பெருமை. தொண்டை நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவதாக வந்தது கணக்கு. ரூமுக்கு வாடகை உண்டென்றால் குரலுக்கும் வாடகை உண்டு.

அதற்குள் குமரேசன் கேட்டவர்களின் கருத்துகளைப் படித்துக்காட்ட ஆரம்பித்திருந்தான். ஆயிரக்கணக்கில் கிடந்தன, பாதி இங்கிலீஷில். ஒரு கையால் ஆதார் அட்டையை மிஷினில் வைத்துக்கொண்டே தமிழில் சொல்லிக்கொண்டு போனான். பெங்களூரில் ஒருவன், முதல் நான்கு பாட்டு சுமார், ஐந்தாவதில் அந்தப் பெரியவர் வந்ததும் பைக்கை ஓரம் கட்டி அழுதேன் என்று எழுதியிருந்தான். ஜெர்மனிக்காரி ஒருத்திக்கு வார்த்தை ஒன்றும் புரியவில்லையாம், ஆனாலும் நாம் எல்லாரும் யாருக்கோ எதையோ தர வேண்டியிருக்கிறது என்று அன்றுதான் விளங்கியதாம். புரியாமலே சரியாகப் புரிந்துகொண்டாள் என்று மணிவேல் அவளை மெச்சினார். ஒருவன், பக்கெட் என்கிற இடத்தில் பெரியவரின் குரல் இடறுவதற்காகவே ஆல்பத்தை வாங்கலாம் என்றான். கோயம்புத்தூர் மோட்டார் மெக்கானிக் ஒருவன் பாட்டைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல், பேரிங் போய்விட்டது, உடனே மாற்றவும் என்று போட்டிருந்தான்.

கடைசியாகப் படித்ததுதான் தைத்தது. ஆல்பம் அருமை, ஆனால் அந்தப் பெரியவர் போலி, யாரோ நாடக நடிகரைக் கூப்பிட்டுப் பேசவைத்திருக்கிறார்கள், நிஜமான லாட்ஜ் ஓனர் இப்படிப் பேசமாட்டார் என்று ஒருவன் எழுதியிருந்தான்.

மணிவேலின் முகம் சிவந்துபோனது. எட்டு ரூமும் நிஜம், சாய்ந்த மாடிப்படியும் நிஜம், தான் மட்டும் போலியா என்று கேட்டார். உடனே பதில் எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல குமரேசன் தட்டினான். நான்தான் அந்த ஓனர், அந்தப் பணம் இன்னும் வரவில்லை, இருபத்து மூவாயிரத்து நானூறு, செங்கம் ரோடு, திருவண்ணாமலை, வந்து பார்த்துக்கொள். மறுநாள் காலைக்குள் அதற்குக் கீழே பல ஆயிரம் பேர் இதயம் போட்டிருந்தார்கள். நடிகர் இன்னும் வேஷத்தைக் கலைக்கவில்லை, எப்பேர்ப்பட்ட கலைஞன் என்று பாராட்டு.

"பணத்தக் கேட்டா கை தட்றானுங்கணா," என்றான் குமரேசன். "நானும் ஜெராக்ஸ் பாக்கிய இனிமே பாடியே கேட்டுப் பாக்கறேன்."

"நீ பாடினா இருக்கற கஸ்டமரும் ஓடிப்பூடுவான்," என்றார் மணிவேல்.

மெக்கானிக் சொன்னது மட்டும் அவருக்கு நியாயமாகப் பட்டது. பேரிங்கை மாற்றினார். மோட்டார் பூனை மாதிரி ஓடியது. ஒரு வாரத்தில் ஆல்பம் கேட்டவர்கள் நேரில் வர ஆரம்பித்தார்கள், அவர்களுக்கு அது பெரிய இடியாகப் போயிற்று. பாட்டில் கேட்ட உறுமல் எங்கே என்று கேட்டார்கள். பிரபலமானதும் மாறிவிட்டார் என்று ஒருவன் போனில் எழுதினான். கொச்சியிலிருந்து வந்த தாடிக்காரன் பழைய இரும்புக் கடைக்கு நேராகப் போய், மணிவேல் தூக்கிப் போட்ட பேரிங்கை விலைக்கு வாங்கி, கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரும்பி வந்து, ஏழாம் நம்பர் ரூம் எடுத்தான்.

லாட்ஜ் நிரம்பியது. மணிவேலுக்கு வாழ்க்கையில் இப்படி ஒரு சீசன் வந்ததில்லை, தீபமும் இல்லை, பௌர்ணமியும் இல்லை, எட்டு ரூமும் ஃபுல். எல்லாரும் அட்வான்ஸைச் சிரித்த முகத்தோடு கொடுத்தார்கள். அதோடு சரி. வாடகை என்று ஒரு ரூபாய் தரவில்லை. வைத்துக்கொண்டு இல்லை என்கிறவர்கள் கிடையாது, கேட்டால் இருக்கிறது என்றே சொன்னார்கள். கொடுத்துவிட்டால் நீங்கள் கூவமாட்டீர்களே என்றார்கள்.

விடியற்காலை அவர் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து நின்றால், மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள். அவர் கூவினார். கூவக் கூவ அவர்கள் தலையாட்டினார்கள். மானத்தை வாங்குவதற்காக அவர் கண்டுபிடித்த முறையில் இப்போது ஒருவனுக்கும் மானம் போகவில்லை. தன் ரூம் நம்பர் வந்ததும் பாண்டிச்சேரிப் பெண் ஒருத்தி மார்பில் கை வைத்துக்கொண்டாள். பேரிங் மாட்டியவன் பின்னாலேயே வந்து, நேற்றைய 'பக்கெட்டு' இன்னும் நன்றாக இருந்தது என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனான். தன் பாக்கியிலும் பக்கெட் வர வேண்டும் என்பதற்காக ஒவ்வொருத்தராகப் பக்கெட்டை உடைக்கவும் ஆரம்பித்தார்கள்.

மணிவேலின் மனைவி சந்திரகலா பேச்சில் சிக்கனம். பாய் வாடகைக் காலத்திலிருந்து கல்லாப் பெட்டி அவள் கையில்தான். அன்று காலை பெட்டியைத் திறந்து அவர் முன்னால் கவிழ்த்துக் காட்டினாள். சில்லறை நான்கு உருண்டது.

"ரூமு ஃபுல்லு, பெட்டி காலி," என்றாள். "பால்காரனுக்குக் குடுக்கத் துட்டு இல்ல. பக்கெட்டு மட்டும் வண்டில வந்து எறங்குது. உங்கள உலகமே கேக்குதாமே, போய் அந்த உலகத்தாண்ட பால் வாங்கினு வாங்க."

மணிவேல் பாண்டிச்சேரிப் பெண்ணிடம் உட்கார்ந்து பேசிப் பார்த்தார். அவள் பொறுமையாக விளக்கினாள். விமல்ராஜ் இன்னும் கொடுக்கவில்லை, அவனே கொடுக்காதபோது நாங்கள் முந்திக்கொண்டு கொடுப்பது மரியாதையாக இருக்காது என்றாள். எட்டாம் நம்பர் பாக்கி வந்தால்தான் மற்ற பாக்கியும் வரும் என்பது அப்போது அவருக்கு விளங்கியது. வராவிட்டால் பாயிலிருந்து கட்டிய மாடி பக்கெட்டில் போய்விடும். போதாததற்கு, முப்பது வருஷத்தில் மணிவேலால் வசூலிக்க முடியாத ஒரே பாக்கி, அதுவும் ஜெர்மனிவரை தெரிந்த பாக்கி.

விமல்ராஜுக்குப் போன் போட்டார். மூச்சு விடாமல் ஏசினார். அந்தப் பக்கம் அவன் குறுக்கே பேசவே இல்லை. அவர் மூச்சு வாங்க நிறுத்தியதும்தான் வாயைத் திறந்தான்.

"அங்கிள், அப்டியே லைன்ல இருங்க. ரெக்கார்டு போட்டுட்டேன். அந்தக் கடைசி வரிய மட்டும் இன்னோருவாட்டி கொஞ்சம் மெதுவா."

பணம் இருக்கிறதா இல்லையா என்று மணிவேல் கேட்டார். இருக்கிறது, தனியாக எடுத்தே வைத்திருக்கிறோம் என்றான் அவன். ஆனால் கொடுத்துவிட்டால் பாட்டு பொய்யாகிவிடுமே, நாளைக்கு எந்த முகத்தோடு மேடையில் பாடுவது என்று வருத்தப்பட்டான். பொய்யாகவே வருத்தப்பட்டிருந்தால் மணிவேலுக்குக் கோபப்பட வசதியாக இருந்திருக்கும். பையன் நிஜமாகவே வருத்தப்பட்டான். கேட்பவர்களிடம் ஓட்டு வேறு எடுத்தார்களாம், கொடுக்கலாமா கூடாதா என்று. பத்தில் ஒன்பது பேர் கூடாது என்று போட்டிருக்கிறார்கள்.

"என் துட்டுக்கு ஊரான் ஓட்டு போடறானா," என்றார் மணிவேல். அதையும் அவன் ரெக்கார்டு செய்துகொண்டான்.

அடுத்த மாதம் ஈரச் சிமெண்டு திருவண்ணாமலைக்கே வந்தது. ஊரைத் தாண்டி ஒரு கல்யாண மண்டபத்தில் சாயங்காலக் கச்சேரி. ஐந்தாவது பாட்டுக்கு மேடை ஏறிக் கூவ வேண்டும் என்று விமல்ராஜ் ஆள் அனுப்பிக் கூப்பிட்டான். போகமாட்டேன் என்றுதான் மணிவேல் முதலில் சொன்னார். வேட்டியை இஸ்திரி போட்டு எடுத்து வந்து வைத்தது சந்திரகலா.

"போங்க. ஆனா கத்தாதீங்க," என்றாள். "நீங்க கத்தினா பாட்டாப் பூடுது. சும்மா கையை நீட்டினு நில்லுங்க."

அவருக்கு ரோஷம் வந்தது. கத்தித்தான் இத்தனையும் சம்பாதித்தேன் என்றார். சம்பாதித்ததை இப்போது கத்தியே விட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். மணிவேல் வேட்டியை எடுத்து உதறிப் பிரித்தார். பிறகு கட்டிக்கொண்டார்.

மண்டப வாசலில் மேஜை போட்டு பனியன் விற்றுக்கொண்டிருந்தார்கள். கறுப்புப் பனியன், நெஞ்சில் 'பக்கெட்டு ஒண்ணு' என்று கொட்டை எழுத்து, விலை ஐந்நூறு. ஜனம் முட்டி மோதி வாங்கியது. அவருடைய லாட்ஜ்காரர்கள் எல்லாரும் அதைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றார்கள். வாடகைக்கு இல்லாத ஐந்நூறு பனியனுக்கு இருந்தது. மணிவேல் அதைப் பார்த்து வைத்துக்கொண்டார்.

நான்கு பாட்டு முடிந்தது. மணமேடை இருக்க வேண்டிய இடத்தில் விளக்கு மங்கியது. ஸ்பீக்கரில் பழைய பேரிங்கோடு மோட்டார் ஓடியது, கூட்டம் பெருமூச்சு விட்டது. விமல்ராஜ் மணிவேலைக் கையைப் பிடித்து அழைத்துவந்து மைக் முன்னால் நிறுத்தினான். மண்டபம் எழுந்து நின்றது. கிட்டார் அறுக்கத் தொடங்கியது, ஜீவகுமார் புதுப் பக்கெட்டில் தாளம் போட்டான். குரல் ஏற வேண்டிய இடம் வந்தது.

மணிவேல் வலது கையை நீட்டினார். உள்ளங்கையை விரித்தார். நின்றார்.

ஜீவகுமார் இன்னொரு சுற்று அடித்தான். அடுத்த சுற்றும் வந்து போனது. பெரியவர் புதிதாக ஏதோ செய்கிறார் என்று கூட்டம் மூச்சடக்கிக் காத்திருந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பாட்டு அவருடைய 'எப்ப தருவ'வில்தான் முடிய வேண்டும், அது வராமல் அவர்களுக்கு நிறுத்தத் தெரியவில்லை. கிட்டார் சுற்றிச் சுற்றி வந்தது. ஜீவகுமாரின் நெற்றி வியர்வை பக்கெட்டில் சொட்டியது. விமல்ராஜ் வாசித்துக்கொண்டே நகர்ந்து வந்து மைக்கைக் கையால் மூடினான்.

"அங்கிள், கத்துங்க. ஒரே ஒருவாட்டி."

"எத்தினி நாள் கத்தினேன், குடுத்தியா," என்றார் மணிவேல், வீட்டில் பேசுகிற குரலில். "இப்ப கத்தாம கேக்கறேன். குடு."

"குடுத்தா பாட்டு செத்துடும் அங்கிள்."

"குடுக்கலன்னா பாட்டு முடியாது. விடிய விடிய அடிச்சினு இரு. எனக்கு நிக்கத் தெரியும். பஸ் ஸ்டாண்டுல பதினோரு வருஷம் நின்ன காலு இது."

அவன் திரும்பிப் போய் வாசித்தான். முன்வரிசையில் பேரிங் மாட்டியவன் முதலில் சொக்கிப்போய்ப் பார்த்தான், பிறகு காலை மாற்றி நின்றான், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்தாவது பாட்டு கொஞ்சம் நீளம் என்று பாண்டிச்சேரிப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது மேடைவரை கேட்டது. பின்வரிசையில் யாரோ, கொடுத்துத்தான் தொலையுங்களேன் என்றார்கள். அங்கங்கே இன்னும் நாலு பேர் ஆமாம் என்றார்கள். மணிவேலின் கை இறங்கவில்லை.

நந்தினிதான் முதலில் நிறுத்தினாள். தடி கிட்டாரைக் கழற்றிச் சுவரில் சாய்த்தாள். அவள் நிறுத்தியதும் பாட்டின் அடிப்பாகம் விழுந்துபோனது, மேலே கிட்டார் மட்டும் வெறுமனே கீச்சிட்டது. அவள் படி இறங்கி, கூட்டத்தின் நடுவே வாசலுக்குப் போய், பனியன் மேஜையின் டப்பாவை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தாள். விமல்ராஜ் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் கிட்டார் கம்பிமேல் கையை வைத்து அமுக்கினான். ஜீவகுமார் குச்சியைக் கீழே போட்டான். ஸ்பீக்கரில் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, யாரோ ஓடிப்போய் அதையும் அணைத்தார்கள்.

நந்தினி டப்பாவைத் திறந்தாள். எல்லாம் ஐந்நூறு ரூபாய் நோட்டு. ஒவ்வொன்றாக எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்துச் சத்தமாக எண்ணினாள். மைக் திறந்துதான் இருந்தது, நோட்டு நோட்டின்மேல் விழுகிற சத்தம்கூட மண்டபம் முழுக்கக் கேட்டது. மணிவேல் அவள் எண்ணுவதை நம்பாமல் உதட்டுக்குள் தானும் எண்ணினார். நாற்பத்தாறு ஐந்நூறு வந்தது. டப்பாவில் நூறு ரூபாய் நோட்டு இல்லை. நந்தினி விமல்ராஜிடம் கையை நீட்டினாள். அவன் பாண்ட் பையைத் துழாவி இரண்டு நூறு எடுத்துக் கொடுத்தான், ஜீவகுமார் ஒன்று கொடுத்தான். இன்னொன்றுக்கு மேடையில் வழியில்லை. மணிவேலின் கை அப்படியே நீட்டியபடி இருந்தது. முன்வரிசையிலிருந்து பேரிங் மாட்டியவன் எட்டி ஒரு நூறு ரூபாயை நந்தினியிடம் கொடுத்தான். அவள் அதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, நானூறு என்று சொன்னாள்.